ஒரே குளம், ஒரே மீன், வேறு வேறு குணம்: இரை, வேட்டையாடி எண்ணிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் பறவை பார்க்கப் போகும்போதும் கல்லூரிகளில் பேசப் போகும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் மாணவர்கள் உண்டு, ஏலாவில் நெல் போடுகிறவர்கள் உண்டு, கடலுக்குப் போகிறவர்களும் உண்டு.

ஒரே இனத்து விலங்கு எல்லாம் ஒன்றுபோலத்தானே நடந்துகொள்ளும்?

தேரூர் குளத்துக் கரையில் விடிந்த கையோடு மெதுவாக நடந்து பாருங்கள். மடையான் கொக்குகள் கரையோரம் இடைவெளி விட்டு நிற்கும். நாற்பது அடி தள்ளி உங்கள் தலை தெரிந்ததுமே ஒன்று கரகரத்த குரலில் கத்திக்கொண்டு எழும்பிவிடும். அதுவரை மண் நிறத்தில் கிடந்த பறவை சிறகை விரித்ததும் வெள்ளையாகிப் போவதைப் பார்க்கலாம். அடுத்து நிற்பது கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் வைத்திருக்கும். பத்தடிக்குள் போனால்தான் கிளம்பும். சிலது அப்போதும் கிளம்பாது, இரண்டு எட்டு நகர்ந்து நிற்கும், அவ்வளவுதான்.

இனம் ஒன்று, குளம் ஒன்று, நேரமும் ஒன்று. பயப்படும் தூரம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆய்வாளர்கள் இதை 'விலங்கு ஆளுமை' என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து குணங்களை அளக்கிறார்கள்: ஆபத்தின் முன் காட்டும் துணிச்சல், புது இடத்தைத் துழாவிப் பார்க்கும் ஆர்வம், பொதுவான துருதுருப்பு, சண்டைக்குணம், கூட்டத்தோடு ஒட்டும் தன்மை. இரை, வேட்டையாடி விஷயத்தில் முதல் மூன்றுதான் அதிகம் விளையாடுகின்றன.

பசியாக இருந்தால் துணிச்சல் வரும், வயிறு நிறைந்தால் பயம் வரும். இதைப் போய்க் குணம் என்பதா?

நியாயமான சந்தேகம். அதனால்தான் ஒரே விலங்கை வேறு வேறு நாளில் பலமுறை அளக்கிறார்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2009-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நடத்தையில் தெரிந்த வேறுபாட்டில் சராசரியாக 37 சதவீதம் 'இது எந்த விலங்கு' என்பதால் வந்தது. மீதியில்தான் பசி, வெயில், வயது, அன்றைய அதிர்ஷ்டம் எல்லாம் அடங்கும். 37 சதவீதம் குறைவு என்று நினைக்க வேண்டாம். இனம் முழுவதற்கும் ஒரே நடத்தை என்று வைத்துக் கணக்குப் போட்ட துறைக்கு அது பெரிய எண்.

நம்மூர் பட்டாணிக்குருவியின் ஐரோப்பியச் சொந்தத்தை நெதர்லாந்தில் இப்படித்தான் சோதித்தார்கள். காட்டில் பிடித்த குருவியை ஓர் இரவு வைத்திருந்து, காலையில் ஐந்து செயற்கை மரங்கள் நட்ட அறைக்குள் விடுவார்கள். சில குருவிகள் நிமிடக் கணக்கில் எல்லா மரத்தையும் தொட்டுவிடும். சில வந்த இடத்திலேயே உட்கார்ந்து சுற்றிப் பார்க்கும். பிறகு அவற்றைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். வேகமானதை வேகமானதோடும் நிதானமானதை நிதானமானதோடும் இணை சேர்த்தபோது, சில தலைமுறையிலேயே இரண்டு வம்சமும் தனித்தனியாகப் பிரிந்தன. குணத்தில் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறது.

சரி சார், குணம் வேறு வேறாக இருந்துவிட்டுப் போகட்டும். எண்ணிக்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இதற்கு ஒரு மீன் சந்தைக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். இத்தாலியில் உம்பர்த்தோ தாங்கோனா என்ற கடல் உயிரியலாளர், ஆட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகச் சந்தைகளின் பழைய கணக்குகளைப் புரட்டினார். முதல் உலகப் போர்க் காலத்தில் படகுகள் அதிகம் கடலுக்குப் போகவில்லை. அந்த ஆண்டுகளில் சந்தைக்கு வந்ததில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. மீன்பிடி குறைந்தால் எல்லா மீனும் ஒரே அளவில்தானே பெருக வேண்டும்? தன் மாமனாரான கணித மேதை வீட்டோ வொல்ட்டெராவிடம் அதைக் கேட்டார். வொல்ட்டெரா 1926-ல் இரை, வேட்டையாடி எண்ணிக்கைக்கான சமன்பாட்டை வெளியிட்டார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா அதற்கு ஓராண்டு முன்பே தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார். இன்றைக்கும் கல்லூரிப் பாடத்தில் அவர்கள் இருவர் பெயரிலும்தான் அது இருக்கிறது.

அந்தச் சமன்பாட்டில் ஒரு மீனும் இன்னொரு மீனும் ஒன்றே. எந்தச் சுறாவும் எந்த மீனையும் பிடிக்கும் வாய்ப்பு ஒரே அளவு. அங்கேதான் இடிக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இது வெறும் உதாரணக் கணக்கு. குளத்தில் 100 மீன். 50 துணிச்சலானவை, ஒரு பருவத்தில் 60 சதவீதம் நீர்க்காகத்துக்கு இரையாகும். மற்ற 50 பதுங்குபவை, 10 சதவீதம்தான் போகும். குட்டி போடுவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். குணத்தைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் ஆபத்து 35 சதவீதம். முதல் பருவம் முடிந்ததும் இரண்டு கணக்கிலும் 65 மீன்தான் மிஞ்சும், வித்தியாசம் இல்லை. இரண்டாம் பருவத்தில் சராசரிக் கணக்கு 42 என்கிறது, உண்மையில் 48 இருக்கும். மூன்றாம் பருவத்தில் சராசரிக் கணக்கு 27, உண்மையில் 40. அந்த 40-லும் துணிச்சலானவை வெறும் 3.

வேட்டையாடியின் பக்கமிருந்து அதே எண்களைப் பாருங்கள். நீங்கள் வலை போட்டு எண்ணினால் குளத்தில் 40 மீன். நீர்க்காகத்துக்கோ சுலபமாகக் கிடைப்பது 3. குளத்தில் மீன் இருக்கிறது, நீர்க்காகத்தின் வயிற்றில் இல்லை. அது வேறு குளத்துக்குப் போகும், அல்லது குஞ்சு குறையும். இரை ஏராளமாக இருக்கும்போதே வேட்டையாடி குறைவதை விளங்கிக்கொள்ள இது ஒரு வழி.

இன்னொரு விளைவும் உண்டு. சுலபத்தில் சிக்காத ஒரு பகுதி எப்போதும் மிஞ்சுவதால் இரை அடியோடு அழிவதில்லை, ஏற்ற இறக்கங்களும் மட்டுப்படுகின்றன. பூச்சிகளுக்குள் முட்டையிடும் குளவிகளை வைத்து 1970-களிலேயே இதைக் கணிதமாகக் காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கில் ஆபத்து ஏன் வேறுபடுகிறது என்பது முக்கியமில்லை. இடம் காரணமாகவும் இருக்கலாம், குணம் காரணமாகவும் இருக்கலாம்.

துணிச்சலான மீனைத்தான் நீர்க்காகம் பிடிக்கும் என்பது நிஜமாகவே பார்த்ததா, ஊகமா?

பார்த்தது. வட ஐரோப்பிய ஏரிகளில் உள்ள ரோச் என்ற கெண்டை வகை மீனை ஒவ்வொன்றாகத் தொட்டியில் விட்டு, பதுங்குமிடத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது என்று அளந்தார்கள். பிறகு உடம்புக்குள் அரிசி மணி போன்ற ஒரு மின்னணு அடையாளத்தைச் செருகித் தண்ணீரில் விட்டார்கள். நீர்க்காகம் மீனைத் தின்றால் அந்த அடையாளம் செரிக்காது, பறவைகள் கூட்டமாக அடையும் மரத்தடியில் வந்து விழும். அங்கே கருவியை வைத்துத் தேடி, எந்தெந்த மீன் போயிற்று என்று கண்டார்கள். முன்பு சீக்கிரம் வெளியே வந்த துணிச்சல் மீன்களே அதிகம் போயிருந்தன. 2017-ல் வெளியான ஆய்வு இது. சுசீந்திரம் பக்கம் நீர்க்காகம் அடையும் மரங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த எச்சக் குவியலுக்குள் எத்தனை மீன்களின் குணச் சான்றிதழ் கிடக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

துணிச்சல் உயிரைக் குடிக்கிறது என்றால், இத்தனை காலத்தில் துணிச்சலானவை அழிந்துபோயிருக்க வேண்டுமே?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கொசு ஒழிப்புக்காகச் சுகாதாரத் துறையினர் கிணற்றில் விடும் கப்பி மீன் இதற்கு நல்ல சாட்சி. வேட்டை மீனைக் கண்டால் சில கப்பிகள் ஓடாமல் கிட்டப் போய் வேவு பார்த்துவிட்டுத் திரும்பும். இந்த வேவுக் குணத்தை வைத்து அவற்றைத் துணிச்சல், நடுத்தரம், பயம் என்று பிரித்து, ஒரு வேட்டை மீனோடு தொட்டியில் விட்டார்கள். 1992-ல் வந்த ஆய்வு. 60 மணி நேரம் கழிந்தபோது பயந்தவற்றில் 40 சதவீதம் உயிரோடு இருந்தன, நடுத்தரத்தில் 15 சதவீதம். துணிச்சல் கூட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதோடு நிறுத்தினால் கதை முடிந்தது. ஆனால் நான்கு ஆண்டு கழித்து வந்த இன்னொரு ஆய்வில், வேட்டை மீனின் அருகே துணிந்து போகும் ஆண் கப்பியைத்தான் பெண் கப்பிகள் விரும்பின. சாவதற்கு முன் பிள்ளை பெற்றுவிட்டால் குணம் தப்பிவிடும். தவிர, துணிச்சலானது வெட்டவெளியில் அதிகம் மேய்கிறது, சீக்கிரம் வளர்கிறது. சின்ன வாய்க்காரனுக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டால் அப்புறம் அந்த வேட்டையாடியைப் பற்றிக் கவலையே இல்லை.

சில இடங்களில் துணிச்சலே காப்பாற்றுகிறது. கனடாவின் ஆல்பெர்டா மலைகளில் பெருங்கொம்பு ஆடுகளைப் பூமா என்ற பெரிய காட்டுப்பூனை கடுமையாக வேட்டையாடிய ஆண்டுகளில், துணிச்சலான பெட்டை ஆடுகள்தான் அதிகம் தப்பின. முன்னே சொன்ன பட்டாணிக்குருவியில் இன்னும் சிக்கல். வேகமானதா நிதானமானதா எது பிழைக்கும் என்பது, குளிர்காலத்துக்கு பீச் மரத்து விதை எவ்வளவு விளைந்தது என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு தலைகீழாகியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது எதிரெதிராகவும் இருந்தது. ஒரு வருஷம் ஒரு குணம் தோற்கிறது, அடுத்த வருஷம் அதுவே ஜெயிக்கிறது. யாரும் முழுசாக ஒழிவதில்லை.

புலி, சிறுத்தை விஷயத்திலும் இப்படியா? எங்கள் மலையோரத்தில் ஒரு புலி வந்தாலே ஊரே நடுங்குகிறது.

நடுங்கத்தான் செய்யும். 2023-ல் சிற்றாறு ரப்பர் தோட்டப் பக்கம் ஆடுமாடுகளை அடித்த புலியை வனத்துறை வாரக்கணக்கில் தேடிப் பிடித்தது நினைவிருக்கும். அதற்குப் பின்னால் கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அங்கே மிளா உண்டு, காட்டெருமை உண்டு, காட்டுப்பன்றி உண்டு. பெரும்பாலான புலிகளுக்கும் சிறுத்தைகளுக்கும் அவையே போதும். தொழுவத்தை நோக்கி வருவது 'புலி இனம்' இல்லை, ஒரு குறிப்பிட்ட புலி.

வேட்டையாடிகளில் தனிப்பட்ட பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மறுபடியும் ஆல்பெர்டா. அங்கே ஒரு பள்ளத்தாக்கில் ஒரே ஒரு பெண் பூமா, ஒரே குளிர்காலத்தில், பெருங்கொம்பு ஆட்டுக் கூட்டத்தில் 9 சதவீதத்தையும் குட்டிகளில் 26 சதவீதத்தையும் தின்று தீர்த்தது. அதே வட்டாரத்தின் மற்றப் பூமாக்களுக்கு மானே பிரதான உணவு. அந்தப் பகுதியில் எத்தனை பூமா என்று எண்ணியிருந்தால் ஆட்டுக் கூட்டத்துக்கு வந்த ஆபத்து தெரிந்திருக்காது. எந்தப் பூமா என்று கேட்டிருக்க வேண்டும். சிறிய இரைக் கூட்டத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் பாறை முகடுகளில் சிறு சிறு கூட்டமாக வாழும் வரையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுத்தை அந்தப் பாறையில் வேட்டையாடக் கற்றுக்கொண்டால், மொத்தச் சிறுத்தை எண்ணிக்கை கூடாமலே வரையாட்டுக்கு நெருக்கடி வரலாம்.

அப்படியானால் ஒரு சிறுத்தை வந்ததும் பிடித்துக் கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீருமா?

எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் பிடித்தால் தீராது. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பகுதியில் மனிதர்களுக்கு அருகே சுற்றிய சிறுத்தைகளைப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு மனிதர்மீதான தாக்குதல் நான்கு மடங்கு அளவுக்குக் கூடியது. விட்ட இடம் சிறுத்தைக்குப் புதிது. பழகிய எல்லை போனது, இரை எங்கே என்று தெரியவில்லை. காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வந்துவிடும், அதன் குணம் யாருக்கும் தெரியாது. கரும்புக் காட்டுக்குள் யாரையும் தொடாமல் வருஷக் கணக்கில் வாழ்ந்த சிறுத்தையை அப்புறப்படுத்துவது, என் கணக்கில், நல்ல வாடகைக்காரரைக் காலிசெய்துவிட்டுத் தெரியாத ஆளைக் குடிவைப்பது போன்றதுதான்.

குணம் இரையிலும் வேறு, வேட்டையாடியிலும் வேறு என்றால், யாருக்கு யார் சிக்குவார்கள்?

அசையாமல் காத்திருந்து பிடிப்பவருக்கு, அலைகிற இரை சிக்கும். அலைந்து தேடிப் பிடிப்பவருக்கு, இருந்த இடத்தில் இருக்கிற இரை சிக்கும். கலஹாரிப் பாலைவனப் பல்லிகளை வைத்து 1981-ல் சொல்லப்பட்ட விஷயம். அலைந்து திரியும் பல்லிகள் கறையான் போல ஓரிடத்தில் அடைந்து கிடப்பதைத் தின்றன, காத்திருக்கும் பல்லிகள் ஓடுகிற பூச்சிகளைப் பிடித்தன.

நம் குளத்திலும் இரண்டும் உண்டு. மடையானும் விராலும் காத்திருப்பவை. நீர்க்காகம் தண்ணீருக்குள் துரத்துவது. சின்னக் கொக்கு காலால் சேற்றைக் கலக்கிப் பதுங்கியதைக் கிளப்பும். மடையான் மட்டும் இருக்கும் வயல் வாய்க்காலில் துருதுரு மீன் குறையும். கலக்குகிறவன் வந்தால் பதுங்குபவனுக்கும் சாவு. பலவகை வேட்டையாடி இருக்கும் குளத்தில் பலவகைக் குணமுள்ள மீனும் மிஞ்சுவதற்கு இது ஒரு காரணம். ஒருவகை வேட்டையாடி மட்டும் எஞ்சும் இடத்தில் இரையின் குணமும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பயமே ஒரு கூட்டத்தைக் குறைக்குமா?

குறைக்கும். கனடாவில் பாட்டுச் சிட்டுகளின் கூடுகளை வலையும் மின்வேலியும் போட்டு எந்த வேட்டையாடியும் நெருங்காதபடி காத்துவிட்டு, வேட்டையாடிகளின் சத்தத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்தப் பருவத்தில் வளர்ந்த குஞ்சுகள் 40 சதவீதம் குறைந்தன. ஒரு குஞ்சைக்கூட யாரும் தின்னவில்லை. பெற்றோர் முட்டை குறைத்து இட்டன, இரை தேடப் போகப் பயந்தன. பயந்த சுபாவமுள்ளவை இதில் முதலில் தோற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

நாங்கள் கடலில் பிடிக்கிறோமே, எங்கள் வலைக்கும் தூண்டிலுக்கும் மீனின் குணம் தெரியுமா?

தெரியும். இந்தப் பக்கத்திலேயே அதிகம் யோசிக்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் நம் கடலில் பெரிய வேட்டையாடி நாம்தான்.

கனடாவில் ஏரிகளில் இரண்டு வகை டிரவுட் மீனை விட்டார்கள். ஒன்று வேகமாக வளரும் துணிச்சல் வகை, மற்றது மெதுவாக வளரும் பயந்த வகை. செவுள் வலை போட்டபோது துணிச்சல் வகை மூன்று மடங்கு வேகத்தில் பிடிபட்டது. வலை தானாக மீனிடம் போவதில்லை, அலைகிற மீன்தான் வந்து மாட்டுகிறது. தூண்டிலும் அப்படித்தான். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1970-களில் தொடங்கி, தூண்டிலில் அடிக்கடி சிக்கும் பாஸ் மீன்களையும் சிக்காதவற்றையும் தனித்தனியாக மூன்று தலைமுறை வளர்த்தார்கள். சிக்கும் வம்சமும் சிக்காத வம்சமும் பிரிந்தே போயின.

இழுவைமடி வேறு கதை. அது மீனைத் துரத்துகிறது. 2015-ல் கப்பிகளைக் கொண்டு தொட்டியில் பார்த்தபோது, வைத்த இடத்தில் இருக்கும் பொறியில் துணிச்சல் மீன் அதிகம் சிக்கியது, இழுக்கும் வலையிலிருந்து துணிச்சல் மீன் அதிகம் தப்பியது. ஆக, தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் விடும் ஆயிரங்கால் தூண்டிலும், விசைப்படகின் இழுவைமடியும் எதிரெதிர்க் குணங்களைக் கடலிலிருந்து எடுக்க வாய்ப்பு உண்டு. கரமடியும் சாளைக்குப் போடும் வளைப்பு வலையும் கூட்டத்தையே அள்ளுவதால், அங்கே தனி மீனின் குணத்துக்கு வேலை குறைவு என்பது என் எண்ணம்.

உள்நாட்டு மீன்பிடியில் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். விரால் குஞ்சு பொரித்ததும் தாய் தகப்பன் காவல் நிற்கும். சிவந்த குஞ்சுகள் உருண்டையாகத் திரண்டு மேலே வந்து மூச்செடுக்கும்போது தண்ணீர் கொப்பளிப்பது போல் தெரியும். தூண்டில்காரர் அந்தக் கொப்புளத்துக்கு நடுவே தவளையைக் கோத்துப் போடுவார். காவல் நிற்கும் விரால் பசியால் கடிப்பதில்லை, கோபத்தால் கடிக்கிறது. எந்த விரால் நன்றாகக் காவல் காக்கிறதோ அதுதான் முதலில் கரையேறும். பிறகு அந்தக் குஞ்சுகள் கெளுத்திக்கும் கொக்குக்கும். மேலே சொன்ன பாஸ் மீனிலும் இதையே கண்டார்கள்: தூண்டிலில் சுலபமாகச் சிக்கும் ஆண்தான் கூட்டை நன்றாகக் காத்த தகப்பன். மழை தொடங்கி விரால் குஞ்சோடு நிற்கும் நாட்களில் அந்த மீனை விட்டுவைக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் இதைச் சரிசெய்யாதா?

நம் மாவட்டத்துக்குத் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன், ஜூலை. எண்ணிக்கை தேற அது உதவும். ஆனால் கடலில் மிஞ்சியிருப்பவை எந்தக் குணத்தவையோ அவைதான் அந்த இரண்டு மாதமும் பெருகும். தலைமுறைகளாக வடிகட்டப்பட்ட குணம் இரண்டு மாதத்தில் திரும்பாது. சில இடங்களை எப்போதுமே வலைபடாமல் வைப்பது இதற்குக் கூடுதல் பலன் தரும், அங்கே எல்லாக் குணமும் தங்கும்.

ஏலாவில் எலிக்கு முதல் வாரம் பொறி வைத்தால் நிறைய விழுகிறது, பிறகு விழுவதே இல்லை. எலி தீர்ந்ததா?

இல்லை, துணிச்சல் எலி தீர்ந்தது. புதுப் பொருளைக் கண்டால் நெருங்காமல் சுற்றிப்போவது எலிக்குப் பிறவிக் குணம், அதிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. சிங்க் பாஸ்பைடு விஷம் வைத்தால் கொஞ்சம் தின்று நோயுற்றுப் பிழைத்த எலி, அந்தத் தீனியை மறுபடி தொடாது. அதனால்தான் விஷம் கலக்காத தீனியை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு விஷத் தீனி வைக்கச் சொல்கிறார்கள். பதுங்கும் எலியும் அந்த இடைவெளியில் தைரியம் கொள்ளும்.

கும்பப்பூ நெல் போகத்தில் கதிர் வெட்டுச் சேதத்தைப் பார்த்தால் எலி எவ்வளவு என்று தெரியும், பொறியில் விழுந்ததைப் பார்த்தால் தெரியாது. கூகை இதில் நல்ல துணை. அது இருட்டில் சத்தத்தை வைத்தே பிடிக்கும், பொறிக்குச் சிக்காததும் அதற்குச் சிக்கலாம். பறவை உட்காரக் குறுக்குக் கம்பு நட்டு வைத்தால் செலவும் இல்லை.

குளத்தில் பறவைக் கணக்கெடுக்கிறீர்களே, அதிலும் இந்தக் குளறுபடி வருமா?

வரும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகு பார்வையாளர்கள் கூடியிருக்கிறார்கள். சாலையோரத்திலிருந்து எண்ணினால் மனிதரைச் சட்டைசெய்யாத பறவைகளே கணக்கில் ஏறும். கூச்ச சுபாவக்காரர்கள் நடுக்குளத்துப் பாசிக்குள்ளோ அடுத்த குளத்திலோ இருப்பார்கள். 'பறவைகள் மனிதருக்குப் பழகிவிட்டன' என்று சொல்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: அதே பறவை பழகியதா, பழகாதது போய்விட்டதா? கால் வளையமோ வேறு அடையாளமோ இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. பல திசையிலிருந்து எண்ணுவது ஓரளவு உதவும்.

இந்த ஆய்வுகளையெல்லாம் அப்படியே நம்பலாமா?

எல்லாவற்றையும் இல்லை. சிலந்திகளின் குணம் பற்றி நிறைய எழுதிய ஓர் ஆய்வாளரின் தரவுகளில் ஒரே எண்கள் நம்பமுடியாத அளவு திரும்பத் திரும்ப வந்திருப்பது 2020-ல் வெளியே வந்தது. பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கட்டுரைகளை நான் இந்தப் பக்கத்தில் எங்கும் தொடவில்லை.

நேர்மையான ஆய்வுகளும் முட்டிக்கொள்கின்றன. 2008-ல் வந்த தொகுப்பு, துணிச்சலானவை அதிகம் பிள்ளை பெற்றுச் சீக்கிரம் சாகின்றன என்றது. 2020-ல் வந்த பெரிய தொகுப்பில், காட்டில் வாழும் விலங்குகளில் துணிச்சலானவை நீண்ட நாள் வாழ்ந்தன. நல்ல உடல்வாகு உள்ளதுதான் துணிகிறது, அதே உடல்வாகு அதைக் காப்பாற்றவும் செய்கிறது என்பது ஒரு விளக்கம். தொட்டியில் ஓட இடமில்லை, காட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கப்பி ஆய்வின் 60 மணி நேரத்தை அப்படியே குளத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

ஓணான். விளையில், அதாவது தோட்டத்தில், வேலிக்கம்போ தென்னையடியோ இருந்தால் போதும். ஆண் ஓணான் தன் கம்பை விட்டுக்கொடுக்காது, அதனால் நேற்றுப் பார்த்ததுதான் இன்றும் என்று ஓரளவு நம்பலாம். வாலில் முறிவு, கழுத்தில் தழும்பு என்று அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே திசை, ஒரே நடைவேகம், முடிந்தால் ஒரே நிறச் சட்டை. அது ஓடும்போது நின்று, எத்தனை எட்டு தூரம் என்று எழுதுங்கள். பல ஓணான்களுக்கு இரண்டு மூன்று வாரம் எழுதினால், எந்தக் கம்புக்காரன் பயந்தவன், எவன் முறைப்பவன் என்று நோட்டுப்புத்தகமே சொல்லும். வல்லூறோ பூனையோ அந்தப் பக்கம் வரத் தொடங்கினால், எந்தக் கம்பு முதலில் காலியாகிறது என்பதையும் பாருங்கள். பிடிக்கவோ கல்லெறியவோ வேண்டாம், அப்புறம் அது உங்களை மட்டும் கண்டு ஓடும், கணக்குக் கெட்டுவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு கோழி பருந்தோடு மல்லுக்கு நிற்கும். அதன் குஞ்சுகளையே வளர்த்தால் எல்லாம் அப்படி வருமா?

ஓரளவு வரும், எல்லாம் வராது. பரம்பரை ஒரு பங்கு, தாயோடு வளர்ந்த பழக்கம் ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பார்க்க ஆசையிருந்தால், அதன் முட்டையில் பாதியைச் சாதுவான கோழிக்கு அடைவைத்துப் பாருங்கள். முறைக்கிற கோழியையே தேர்ந்து தேர்ந்து வளர்த்தால் பருந்தால் ஆகும் சேதம் குறையலாம். ஆனால் அவை ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும், தீனித் தட்டில் சாதுவானதை அண்டவிடாது. கீரி வந்தால் எதிர்த்து நின்றதுதான் முதலில் போகும், ஓடி மறைந்தது பிழைக்கும். அதனால் இரண்டு மாதிரியையும் வைத்துக்கொள்ளுங்கள். மரநாய்க்கு மட்டும் இரண்டு குணமும் உதவாது. அது ராத்திரி வரும், கூட்டுக் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டினால் போதும்.